நடமாட்டப் புத்தகத்தின் வினைச்சொற்கள்

திருகோணமலைத் துறைமுகக் கரையில் நான் எழுதுவினைஞராக இருந்த அலுவலகத்தில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. துறைமுகத்துக்குள் எது அசைந்தாலும் அதில் ஒரு வரி ஏறும். கப்பல், சரக்கு இறக்கும் பார்ஜ், இழுவைப் படகு, எங்கள் சொந்த மோட்டார்ப் படகான லோஞ்சு, எதுவானாலும். வரியில் நான்கு கட்டங்கள்: பெயர், வினை, இடம், நேரம். பெயரும் இடமும் நேரமும் யாரும் எழுதக்கூடியவை. வினையைத்தான் தெரிந்து எழுதவேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். ஒரு நகர்வுக்கு ஒரு வினை. நாங்கள் அதை நடமாட்டப் புத்தகம் என்போம்.

எழுதக்கூடிய வினைகள் எவையென்று தட்டச்சில் அடித்த ஒரு தாள் அட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. கடற்படைத் தளம் வெள்ளைக்காரரின் கையில் இருந்த காலத்தில் யாரோ அடித்தது. அவர்கள் போனது ஐம்பத்தேழில். நான் அங்கே சேர்ந்தது அதற்குப் பிறகு. அரசகரும மொழி சிங்களமாக மாறிச் சுற்றறிக்கைகள் வேறு எழுத்தில் வரத் தொடங்கியும் அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. பூச்சி அரித்த ஓரங்களோடு அது அங்கேயே இருந்தது. வழக்கமாக நான் ஆண்டும் திகதியும் போடாமல் எதையும் எழுதுவதில்லை. இந்தச் சம்பவத்துக்கு மட்டும் ஆண்டைப் போடவில்லை. இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். மாதமும் கிழமையும் போதும்.

தாளில் இருந்த வினைகளில் சில இன்னும் மனதில் வரிசையாக நிற்கின்றன. தன் எஞ்சினில் குறித்த ஓரிடத்துக்குப் போனால் 'புரொசீடட்'. திரும்பி வந்து சேர்ந்தால் 'ரிட்டேர்ண்ட்'. கயிறு கட்டி இன்னொன்று இழுத்துப் போனால் 'டோவ்ட்'. துறைமுகத்துக்குள்ளேயே இடம் மாறினால் 'ஷிஃப்டட்'. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றும் நீரோட்டமும் கொண்டுபோன பக்கம் போனால் 'டிரிஃப்டட்'. நங்கூரம் போட்ட பிறகும் அது நிலத்தைப் பிடிக்காமல் உழுதுகொண்டு வரக் கப்பல் நகர்ந்தால் 'டிராக்ட்'. கட்டியிருந்த கயிறு அறுந்து ஆளில்லாமல் போனால் 'ப்ரோக் அட்ரிஃப்ட்'. வெளிக்கிட்டது பாதிவழியில் திரும்பி வந்தால் 'புட் பேக்'.

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லை என்பதல்ல. சல்லியிலும் நிலாவெளியிலும் கடலுக்குப் போகிறவர்களிடம் வெளிக்கிடுவது, அணைவது, அள்ளுப்பட்டுப் போவது, கரைபிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. ஆனால் நான் கடலுக்கு முதுகு காட்டிய ஒரு தெருவில் வளர்ந்தவன். எனக்குப் போனது போனது, வந்தது வந்தது. கப்பல் அசைவதைப் பார்க்க நான் பழகியது அந்தத் தாளை வைத்துத்தான். தண்ணீரைப் பார்ப்பேன், தாளைப் பார்ப்பேன், மறுபடி தண்ணீரைப் பார்ப்பேன். 'டிரிஃப்டட்' எது, 'டிராக்ட்' எது என்று பிரித்தறிய எனக்கு ஒரு முழு வாடைக்காலம் பிடித்தது. ஜன்னலில் இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான்: புகை விடாமல் மெல்ல நகரும் ஒரு கப்பல். வித்தியாசம் சங்கிலியில் இருக்கிறது. நங்கூரம் இழுபடும்போது முன்னால் சங்கிலி விறைத்து நிற்கும். இதை நானாகவே கண்டுபிடித்த நாளை நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். சொல்லிக்கொள்ள அலுவலகத்தில் அப்போது யாரும் இல்லை.

மாலையில் சைக்கிளில் வீடு திரும்பும்போதும் இந்த வினைகள் என்னை விடாது. பள்ளிக்கூடம் விட்டுத் தாயின் கையில் இழுபட்டு வரும் மூன்று பிள்ளைகள், டோவ்ட். சந்தைக்கு வெளியே வேலையில்லாமல் நின்று, வெயில் ஏற ஏற ஒரு கடை வாசலிலிருந்து அடுத்த கடை வாசலுக்குப் போகும் ஆட்கள், ஷிஃப்டட். திருவிழாக் கூட்டத்தில் காலை ஊன்றி நின்றும் நிற்கமுடியாமல் தள்ளுண்டு போவது, டிராக்ட். உப்புவெளியிலிருந்து வரும் பேருந்து சொன்ன நேரத்துக்கு வராது, சொன்ன இடத்தில் நிற்காது. அதற்குத் தாளில் வினை இல்லை. இந்த விளையாட்டை ஒருநாள் மனைவிக்குச் சொன்னேன்.

"அப்ப நீங்க வேலையால வந்து கதிரையில இருக்கிறதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

"ஆங்கர்ட். நங்கூரம் போட்டாச்சு."

"நங்கூரத்தத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போய் ரெண்டு வாளி தண்ணி அள்ளுங்கோ."

புத்தகத்தில் அதிக வரிகள் எங்கள் லோஞ்சுக்குத்தான். அதை ஓட்டியவர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம். என் வயதுதான் இருக்கும். படகுத் தலைவனைத் தண்டையல் என்பது கரையோர வழக்கம். எங்கள் எல்லாருக்கும் அவர் தண்டையல், அவருக்கு நான் கிளாக்கர். எஞ்சினைப் பார்த்தவர் அவருடைய தங்கையின் கணவர். மச்சானும் மச்சானும் ஒரே படகில். காலையில் உள்துறைமுகத்து மிதவைகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி புறப்பட்டு, முனையைத் தாண்டி வெளி மிதவைக்குப் போய், அதன் விளக்கையும் சங்கிலியையும் பார்த்துத் திரும்புவார்கள். தண்டையலுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று அறியும் ஆசை இருந்தது.

"நான் போனா என்ன எழுதுறீங்க, கிளாக்கர்?"

"புரொசீடட்."

"வந்தா?"

"ரிட்டேர்ண்ட்."

"சும்மா சுத்தித் திரிஞ்சா?"

"அதுக்குத் தாளில சொல் இல்ல."

"அப்ப எனக்குச் சுத்தித் திரிய ஏலாது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

இனி, அந்தப் புத்தகத்தை எழுதிய முறையைச் சொல்லவேண்டும். நாள்தோறும் அதன் பிரதி ஒன்று கொழும்புக்குப் போகவேண்டும். இரவுத் தபால் புகையிரதத்துக்கான பை எங்கள் அலுவலகத்தில் மூன்று மணிக்குக் கட்டப்படும். லோஞ்சு திரும்புவதோ நாலு இருபதளவில். எனக்கு முன் இருந்தவரும் அவருக்கு முன் இருந்தவரும் இதற்கு ஒரே வழியைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டரைக்கே, மிதவையடியில் சேரும் நேரம் உட்பட, மிச்ச நாளையும் எழுதிவிடுவது. 'புரொசீடட், வெளி மிதவை, 3.10. ரிட்டேர்ண்ட், 4.20.' அதன் கீழே மேலதிகாரி நேரத்தைக் கவனிக்காமலே சுருக்கொப்பம் வைப்பார். மறுநாள் காலையில் நான் தண்டையலிடம், "நேற்று எல்லாம் சரிதானே?" என்று கேட்பேன். அவர், "ஓம், சரி," என்பார். ஏதாவது மாறியிருந்தால் ஒரு திருத்தத் துண்டு எழுதி அன்றைய பையில் வைப்போம். அது எப்போதோ ஒருமுறைதான். லோஞ்சு அவ்வளவு ஒழுங்காக ஓடியது. பொய் எழுதுகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. நாளைய சூரிய உதயத்தைப் பஞ்சாங்கக்காரர் முன்கூட்டி அச்சடிப்பதில்லையா, அதுபோல என்றே இருந்தது.

மார்கழி மாதத்து ஒரு புதன்கிழமை. விடியற்காலையிலிருந்து வாடைக்காற்று. மத்தியானம் மழை பலத்தது. சாரல் புத்தகத்தில் விழுந்ததால் ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டேன். லோஞ்சு புறப்பட்ட சத்தம் கேட்டது. இரண்டரைக்கு வழக்கமான வரிகளை எழுதினேன். மேலதிகாரி ஒப்பமிட்டார். பை மூன்று மணிக்குப் போயிற்று.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. உப்புவெளியில் மனைவியின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். என் இடத்தில் வேறொருவர் இருந்து புத்தகத்தை எழுதினார். வெள்ளிக்கிழமை காலை வந்ததும் வழக்கப்படி தண்டையலிடம், "நேற்று எல்லாம் சரிதானே?" என்றேன். "ஓம், சரி," என்றார். நேற்று என்றால் வியாழன். புதன்கிழமையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் வந்தார். புதன் பின்னேரம் மழைக்கு ஒதுங்க, வெளி மிதவைக்கு அருகே ஒரு சிறு குடாவில் தன் வள்ளத்தைக் கட்டிவிட்டுக் கரையில் ஏறி நின்றிருக்கிறார். மூன்றுக்கும் நாலுக்கும் இடையில், மழைக்குள்ளால் தாழ்வான கறுத்த ஏதோ ஒன்று போவதைக் கண்டிருக்கிறார். இறங்கி வந்து பார்க்க வள்ளம் பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. மேலதிகாரி என்னிடம் புத்தகத்தை வாங்கித் திறந்தார். மூன்று பத்துக்கு வெளி மிதவையடியில் எங்கள் லோஞ்சு. வேறு எதுவும் அங்கே இல்லை. அவருக்கு மேற்கொண்டு தேடவேண்டியிருக்கவில்லை.

தண்டையலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்று தான் வெளி மிதவைக்குப் போகவேயில்லை என்றார் அவர். முனையடியில் அலை எழும்பி வந்ததாகவும், லோஞ்சைத் திருப்பி உள்ளே ஒதுங்கி நின்று, மழை விட்ட பிறகு வந்து கட்டியதாகவும் சொன்னார். எஞ்சின்காரரும் அதையே சொன்னார்.

"மச்சானுக்கு மச்சான் சொல்லுறது சாட்சி இல்ல," என்றார் மேலதிகாரி. "போய் இடிச்சதவிட, இடிச்சுப்போட்டுப் போகேல்ல எண்டு சொல்லுறதுதான் பெரிய பிழை. வியாழக்கிழமை விசாரிப்பம். இதில மாற்றம் இல்லையெண்டா நீர் லோஞ்சால இறங்கவேணும். கயிறு முற்றத்தில வேலை தாறன்."

கயிறு முற்றம் என்பது கிடங்குக்குப் பின்னால் பழைய வடங்களைப் பிரித்துச் சுற்றும் இடம். அங்கிருந்து கடல் தெரியாது. அங்கே போனவர் யாரும் திரும்பப் படகில் ஏறியதில்லை.

திங்கட்கிழமையே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வரி பார்த்து எழுதியதல்ல என்று ஒரு வசனம் சொன்னால் முடிகிற காரியம். சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு வரியோடு நிற்காது. மூன்று மணிக்குப் பிந்திய எல்லா வரிகளும் விழும், மேலதிகாரியின் ஒப்பங்களும் சேர்ந்து விழும், புத்தகம் என் கையை விட்டுப் போகும். ஊரில் ஒரு திகதியில் சந்தேகம் வந்தால் "அவரிட்டக் கேளுங்கோ, பிழை வராது" என்று என்னைத்தான் காட்டுவார்கள். அந்தப் பெயர் எனக்கு இனித்தது என்பதையும் எழுதவேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை தண்டையல் என் மேசையடிக்கு வந்தார். நான் அவர் சண்டைக்கு வருகிறார் என்று எண்ணினேன்.

"கிளாக்கர், புத்தகத்தில நான் வெளி மிதவைக்குப் போனதெண்டுதான் இருக்கா?"

"ஓம்."

"நீங்க பாத்துத்தான் எழுதுற."

நான் மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் போயிருக்கோணும்," என்றார். "நான் புதன் எண்டு நினைச்சிட்டு இருக்கிறது செவ்வாய்க்கிழமையோ தெரியா. பொஞ்சாதிட்டக் கேட்ட நான். அவ சொல்றா, புதன்தான் நேரத்தோட நனைஞ்சு வந்தீங்க எண்டு. அவ சொல்றதும் புத்தகம் சொல்றதும் ரெண்டும் சரியா இருக்க ஏலாதே."

"பாப்பம்," என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

புதன்கிழமையும் வந்தார். இந்த முறை ஒரு சின்ன நாட்காட்டியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தான் எந்த நாளில் எங்கே நின்றார் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக் காட்டினார். பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "ஒரு வள்ளத்தப் பிளக்கிற அளவுக்கு முட்டியிருந்தா சுக்கான் பிடிச்ச கைக்குத் தெரியாமப் போகுமா? அதுதான் எனக்கு விளங்குதில்ல," என்றார். என்னைக் குற்றம் சொல்லவேயில்லை. புத்தகத்தை நம்பி, தன் கையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை நான் வேலைக்கு வந்தபோது அவர் இறங்குதுறையில் இருந்தார். லோஞ்சின் கயிறுகளைச் சுற்றி அடுக்கிவிட்டு, தன் இடத்துக்கு வரப்போகிறவரை அருகில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இவ எப்பவும் இடப்பக்கம் கொஞ்சம் இழுப்பா. நீங்க அவவோட மல்லுக்கட்டப் போகாதீங்க. ஒரு விரலால பிடிச்சா வருவா." விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அவர் அதற்குள் லோஞ்சைக் கையளித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு மேலதிகாரியின் அறையில் தண்டையலும் அவருடைய மச்சானும் குறிஞ்சாக்கேணிக்காரரும் நின்றார்கள். நான் புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை.

"சேர், அந்த வரி நான் பாத்து எழுதினது இல்ல. ரெண்டரைக்கு எழுதினது. ஜன்னல் சாத்தியிருந்தது."

மேலதிகாரி பக்கத்தைத் திருப்பித் தன் ஒப்பத்தைப் பார்த்தார்.

"நான் எத்தின மணிக்கு இதில கையெழுத்து வைச்சனான்?"

"ரெண்டே முக்கால் இருக்கும், சேர்."

"அப்ப லோஞ்சு நாலு இருபதுக்குத் திரும்பினதுக்கு நான் ரெண்டே முக்காலுக்கே சாட்சி."

குறிஞ்சாக்கேணிக்காரர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்து, அலுவலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நல்ல கந்தோர்," என்றார். "வராத லோஞ்சுக்கு வந்த நேரம் எழுதி வைச்சிருக்கிறீங்க. என்ட வள்ளத்த இனியும் உடைக்கிற எண்ணம் இருந்தா அதையும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்க. கரையில ஏத்தி வைக்கிறன்."

மேலதிகாரி அந்த வரியைத் தமிழில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நேரம் வந்ததும் தண்டையல் முதல்முறையாக வாய் திறந்தார்.

"மூண்டு பத்தா? அந்த மிதவைக்கு நான் மூண்டே காலுக்கு முந்தி ஒருநாளும் போனதில்ல."

"அத ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

"என்னட்ட ஆரும் நேரம் கேக்கல்ல, சேர். கிளாக்கர் சரிதானே எண்டுதான் கேப்பார். சரிதானே எண்டு கேட்டா ஓம் எண்டுதானே சொல்ற."

அந்த வரி விழுந்த பிறகுதான் மேலதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். போன வியாழக்கிழமை எனக்குப் பதிலாக இருந்தவர் எழுதிய முதல் வரி, முதல் நாள் பின்னேரம் கயிறறுத்துப் போன ஒரு பார்ஜைப் பற்றியது. 'ப்ரோக் அட்ரிஃப்ட்'. அதை மறுநாள் காலை கண்டெடுத்த இடம், அதே குடாவுக்கு அடுத்த கரை. ஆளில்லாத, தாழ்வான, கறுத்த பார்ஜ். அந்தப் பக்கம் ஒரு வாரமாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. முந்திய பக்கத்திலேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டதால் யாரும் அங்கே போகவில்லை.

மேலதிகாரி சிவப்பு மையை என் பக்கம் தள்ளினார். 'புரொசீடட்' என்ற சொல்லை வெட்டி, மேலே 'புட் பேக்' என்று எழுதினேன். அன்றைய பையில் திருத்தத் துண்டும், அதற்கான காரணத்தை விளக்கும் கடிதமும் போயின. கடிதத்தில் அவர் தன் ஒப்பத்தையும் மறைக்கவில்லை. வள்ளத்தை எங்கள் படகுத் தச்சர்களான ஓடாவிகளே பிளந்த பலகை மாற்றித் தார் பூசிக் கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து பதில் வந்தது: இனிமேல் ஒரு நாளின் பிரதி மறுநாள் பையில் வந்தால் போதும். இதை யாராவது முன்பே கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். என்னைப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கிடங்குக்கு அனுப்பினார்கள். போகுமுன், நான் பார்க்காமல் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி இடும்படி சொன்னார்கள். பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பல வரிகளில் நான் பார்த்தேனா பார்க்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. லோஞ்சு வெயிலில் பளபளத்துத் திரும்பி வந்தது கண்ணுக்குள் நிற்கும்; அது அந்த நாளா, வேறொரு நாளா? கடைசியில் மூன்று மணிக்குப் பிந்திய எல்லாவற்றுக்கும் புள்ளடி இட்டேன்.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது தண்டையல் படியில் நின்றார். லோஞ்சு அவருடையதென்று சொல்லியாகிவிட்டது. அவர் முகத்தில் சந்தோசம் இல்லை.

"வரியில பிழை வந்தது பெரிசில்ல," என்றார். "ஆருக்கும் பிழைக்கும். ரெண்டு நாள் நான் உங்கட மேசைக்கு முன்னுக்கு நிண்டு, எனக்குப் பைத்தியமோ எண்டு கேட்ட மாதிரிக் கேட்ட நான். நீங்க பாத்துக்கொண்டு இருந்தீங்க."

அவர் இறங்கிப் போனார்.

தை போயிற்று, மாசி போயிற்று. எண்ணெய்க்கும் கயிற்றுக்கும் துண்டுச்சீட்டோடு கிடங்குக்கு வருவார். சீட்டை வைப்பார், பொருளை எடுப்பார், போவார். கிளாக்கர் என்ற அழைப்பு நின்றுவிட்டது. மற்றவர்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு வருகிறவர் என் வாசலில் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அவருடைய மச்சான்தான் இடையில் ஒருநாள், "அவர் அப்பிடித்தான். கடல் ஆறினாலும் அவர் ஆற நாள் எடுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனியில் கடல் எண்ணெய் போலப் படுத்துவிட்டது. ஒரு மத்தியானம் தண்டையல் சீட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"வெளி மிதவைக்குப் போறன். வாறதெண்டா வாங்க."

இத்தனை ஆண்டுகளில் நான் அந்த லோஞ்சில் ஒருமுறைகூட ஏறியதில்லை. கிடங்கைப் பூட்டிக்கொண்டு போனேன். ஈரப் பலகையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். முனை வரைக்கும் சுக்கானிலேயே கண்ணாயிருந்தார். முனையைத் தாண்டியதும் லோஞ்சு மெல்லத் தூக்கி இறங்கத் தொடங்கியது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, மார்கழியிலேயே சொல்லியிருக்கவேண்டியதைச் சொன்னேன்: செவ்வாய்க்கிழமையே உங்களிடம் சொல்லியிருக்கவேணும், மன்னியுங்கோ என்று.

"எஞ்சின் சத்தத்தில கேக்கல்ல," என்றார், முன்னால் பார்த்தபடி.

குரலை உயர்த்தி மறுபடி சொன்னேன்.

"கேக்கல்ல, கிளாக்கர்."

மூன்றாம் முறை கடலுக்கே கேட்கும்படி சொன்னேன். எஞ்சினடியிலிருந்து அவருடைய மச்சானின் தலை மேலே வந்தது.

"மச்சான், எஞ்சினுக்குப் பக்கத்தில இருக்கிற எனக்கே கேட்டுட்டு. உங்களுக்குக் கேக்கல்லயா?"

தண்டையல் சிரித்தார். சுக்கானை விடாமல், தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்.